தூரத்துக் கேலக்சிகளின் ஒளி பழையது என்றால், அண்டத்தின் விரிவு முன்பு வேகமா, இப்போது வேகமா?

கேள்வி: "வணக்கம் சார். நான் ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாண்டு மாணவி. தூரத்தில் இருக்கும் கேலக்சிகள்தான் அதிக வேகத்தில் விலகிப் போகின்றன என்று படிக்கிறோம். ஆனால் தூரத்திலிருந்து வருவது பழைய ஒளி. அப்படியானால் முன்பு வேகம் அதிகம், இப்போது குறைவு என்றுதானே அர்த்தம்? பிறகு எப்படி அண்டம் முடுக்கத்தோடு விரிகிறது என்கிறார்கள்? எல்லாமே விரிகிறது என்றால் நம் உடம்பும் விரியுமா என்று அப்பா கேட்கிறார். இந்த முடுக்கமே தவறு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்தது. எது உண்மை?"

வணக்கம்மா. உங்கள் வாதம் பாதி சரி. இந்த இடத்தில் தடுக்கி நிற்கிறவர்கள் பாடத்தைக் கூர்ந்து படித்தவர்கள் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

"தூரம் கூடக் கூட வேகம் கூடும்" என்பதை 1927இல் லெமேத்தர், 1929இல் ஹபிள் என்ற இரண்டு அறிவியலாளர்கள் எழுதினார்கள். அந்த விதிக்கும் முடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. விரிவு மெதுவாகிக்கொண்டே போகும் அண்டத்திலும் அந்த விதி உண்டு, முடுக்கம் பெறும் அண்டத்திலும் உண்டு. எல்லாத் தூரங்களும் ஒரே விகிதத்தில் நீண்டால், இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில்தான் விலக முடியும். அதாவது, அந்த விதி பல கேலக்சிகளை ஒரே நேரத்தில் ஒப்பிடுகிறது. முடுக்கம் என்பது வேறு கேள்வி. ஒரே ஒரு கேலக்சியைப் பின்தொடர்ந்தால், காலம் போகப் போக அதன் வேகம் கூடுகிறதா, குறைகிறதா? இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான், நான் பார்த்தவரை, பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன.

சரி, "பழைய ஒளி, ஆகவே பழைய வேகம்" என்ற படிக்கு வருவோம். தொலைதூரக் கேலக்சியின் செம்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வது), அது அன்று ஓடிய வேகத்தைப் பதிவு செய்துகொண்டு வருவதில்லை. ஒளி கிளம்பிய நாளிலிருந்து நம்மை வந்தடைந்த நாள்வரை அண்டம் மொத்தமாக எத்தனை மடங்கு விரிந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அலைநீளம் ஒன்றரை மடங்கு நீண்டு வந்தால், அந்தப் பயணக் காலத்தில் அண்டமும் ஒன்றரை மடங்கு விரிந்திருக்கிறது. அந்த விரிவு எத்தனை ஆண்டுகளில் நடந்தது, முதலில் வேகமா பிறகு வேகமா என்பதெல்லாம் செம்பெயர்ச்சியில் மட்டும் கிடைக்காது. ஆகவே தூரத்துக் கேலக்சியின் "வேகம்" என்று நீங்கள் படிக்கும் எண்ணை அன்றைய வேகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது, உங்கள் வாதத்தின் சரியான பாதி. இன்றைய விரிவு விகிதம் ஒரு மெகாபார்செக்குக்கு, அதாவது 3.26 மில்லியன் ஒளியாண்டுக்கு, நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். இதையே வேறு மாதிரி சொன்னால், ஒவ்வொரு தூரமும் ஒரு பில்லியன் ஆண்டுக்கு ஏழு விழுக்காடு என்ற கணக்கில் நீள்கிறது. அண்டம் இன்றைய அளவில் கால்பங்காக இருந்தபோது இதே விகிதம் 32 விழுக்காடு. ஆகவே விகிதத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் சொன்னது முழுக்க உண்மை: முன்பு அதிகம், இப்போது குறைவு. இன்றும் அது குறைந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த விரிவு விகிதத்துக்குத்தான் ஹபிள் விகிதம் என்று பெயர். முடுக்கம் என்றால் ஹபிள் விகிதம் ஏறுகிறது என்று பல நல்ல கட்டுரைகளே எழுதிவிடுகின்றன. அது தவறு.

விகிதம் குறையும்போது வேகம் எப்படிக் கூடும்? மசேநி (மத்திய சேமநிதி) கணக்கைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் சாதாரணக் கணக்குக்கு வட்டி 6.5 விழுக்காடு, இன்று 2.5. அன்று 10,000 வெள்ளி வைத்திருந்தவருக்கு ஆண்டு வட்டி 650 வெள்ளி. இன்று அதே கணக்கில் 80,000 வெள்ளி இருந்தால் வட்டி 2,000 வெள்ளி. விகிதம் பாதிக்கும் கீழே போய்விட்டது, கைக்கு வரும் வட்டி மூன்று மடங்காகிவிட்டது. ஹபிள் விகிதம் என்பது அந்த விழுக்காடு. கேலக்சியின் வேகம் என்பது வெள்ளிக் கணக்கில் வரும் வட்டி. முடுக்கம் உண்டா இல்லையா என்பதை இரண்டாவது எண்தான் தீர்மானிக்கும்.

இதை ஒரு கேலக்சிக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று நம்மிடமிருந்து ஒரு பில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது இப்போது நொடிக்குச் சுமார் 21,500 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. பெருவெடிப்பு முடிந்து ஏறக்குறைய இரண்டு பில்லியன் ஆண்டு ஆனபோது, அதே கேலக்சி 250 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 24,000 கிலோமீட்டர். பிறகு வேகம் குறைந்துகொண்டே வந்தது. சுமார் ஆறு பில்லியன் ஆண்டுகளுக்கு முன், 600 மில்லியன் ஒளியாண்டு தூரத்தை எட்டியபோது, மிகக் குறைந்த வேகம்: 18,600. அதற்கப்புறம் ஏறத் தொடங்கி இன்று 21,500. இறங்கி ஏறிய இந்த வளைவுதான் "முடுக்கத்தோடு விரியும் அண்டம்" என்பதன் முழுப் பொருள். தொடக்கத்திலிருந்தே முடுக்கம் என்று நினைப்பது தவறு. முதல் ஏழு பில்லியன் ஆண்டுக்கு மேல் விரிவு தளர்ந்துகொண்டே வந்தது. (பெருவெடிப்பின் முதல் நொடிக்கும் முன்னால் ஒரு பெரும் வீக்கம் இருந்திருக்கலாம் என்ற கருதுகோள் தனிக் கதை. அதை இதோடு கலக்க வேண்டாம்.)

நீங்கள் ஜேசி மாணவி என்பதால், இந்த எண்களை என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம், நீங்களே போட்டுப் பாருங்கள். அண்டத்தின் இன்றைய அளவை 1 என்று வையுங்கள். எந்தக் காலத்து வேகம் வேண்டுமோ அந்தக் காலத்து அளவால் 0.3ஐ வகுங்கள். அதே அளவின் வர்க்கத்தை 0.7ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 21,500ஆல் பெருக்குங்கள். அளவு 0.25 என்றால் 24,000 வரும். 0.6 என்றால் 18,600. வகைநுண்கணிதம் தெரியும் என்றால் மிகக் குறைந்த புள்ளி எங்கே வருகிறது என்றும் கண்டுபிடிக்கலாம். 0.3 என்பது பொருளின் பங்கு, 0.7 என்பது கரும் ஆற்றலின், அதாவது எங்கும் சீராக நிறைந்து விரிவை முடுக்கும் ஆற்றலின், பங்கு. முதல் உறுப்பு அண்டம் வளர வளரச் சிறுக்கிறது, இரண்டாவது பெருக்கிறது. இழுபறி முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இயற்பியலில் இவ்வளவு சின்னக் கணக்கில் இவ்வளவு பெரிய வரலாறு அடங்குவது அபூர்வம்.

ஒரே கேலக்சியை எட்டு பில்லியன் ஆண்டு உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லையே, பிறகு எப்படித் தெரிந்தது? 1ஏ வகை சூப்பர்நோவாக்கள் வழியாக. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய ஒரு வெண்குள்ளன் விண்மீன் வெடிக்கும்போது உண்டாகும் இந்த வெடிப்புகளின் உண்மையான ஒளிர்வைக் கணிக்க முடியும். வெளிச்சம் மங்கும் வேகத்தைப் பார்த்துச் சிறு திருத்தங்கள் செய்துகொள்வார்கள். உண்மையான ஒளிர்வு தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும். ஆக ஒவ்வொரு வெடிப்புக்கும் இரண்டு எண்கள் கையில் இருக்கும். செம்பெயர்ச்சியிலிருந்து எத்தனை மடங்கு விரிவு என்பது. மங்கலிலிருந்து எவ்வளவு தூரம், அதாவது ஒளி எவ்வளவு காலம் பயணம் செய்தது என்பது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. ஒளி வந்த காலத்தில் அண்டம் ஒன்றரை மடங்கு விரிந்தது என்று வைத்துக்கொள்வோம். விரிவு முன்பு வேகமாக இருந்து இப்போது தளர்ந்திருந்தால், அந்த ஒன்றரை மடங்கு சீக்கிரமே முடிந்திருக்கும். ஒளி குறைந்த தூரம்தான் வந்திருக்கும், வெடிப்பு பிரகாசமாகத் தெரியும். முன்பு மெதுவாக இருந்து பிறகு வேகம் பிடித்திருந்தால், அதே ஒன்றரை மடங்குக்கு அதிகக் காலம் பிடித்திருக்கும். ஒளி நெடுந்தூரம் வந்திருக்கும், வெடிப்பு மங்கலாகத் தெரியும். 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே பார்த்தது இந்த மங்கலைத்தான். பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோரின் குழு, கரும் ஆற்றல் இல்லாத, பொருள் குறைந்த அண்டத்தில் எதிர்பார்க்கும் தூரத்தைவிட இந்த வெடிப்புகள் 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் தூரத்தில் இருப்பதாக அறிவித்தது. சால் பெர்ல்மட்டரின் குழு 42 சூப்பர்நோவாக்களை வைத்து அதே முடிவுக்கு வந்தது. விரிவு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளக்கக் கிளம்பியவர்கள் இவர்கள். மூவருக்கும் 2011இல் நோபெல் பரிசு.

நடுவில் தூசி மறைத்ததால் மங்கலாகத் தெரிந்திருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. அந்தக் காலத்தில் அதைக் கேட்காதவர்கள் இல்லை. தூசி என்றால், தூரம் போகப் போக மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஹபிள் தொலைநோக்கி இன்னும் தொலைவில், அண்டம் இன்றைய அளவில் பாதிக்கும் குறைவாக இருந்த காலத்து வெடிப்புகளைப் பிடித்தபோது, அந்த உபரி மங்கல் குறைந்திருந்தது. நாம் மேலே பார்த்த வளைவின் இறங்குமுகப் பகுதி அது. முன்பு தளர்வு, பிறகு முடுக்கம் என்ற வடிவத்தைத் தூசியால் போலி செய்ய முடியாது. என்னைப் பொறுத்தவரை 1998இன் முடிவைவிட இந்தச் சோதனைதான் கூடுதல் நம்பிக்கை தருகிறது. அப்புறம் நுண்ணலைப் பின்னணியும் (பெருவெடிப்பின் எச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் ஒளி), கேலக்சிகள் வானில் பரவிக் கிடக்கும் ஒழுங்கும் தனித்தனியே அதே 0.3, 0.7 பக்கம் வந்து சேர்ந்தன.

தூரம் கூடக் கூட வேகம் கூடும் என்றால், ஒரு தூரத்துக்கு அப்பால் அது ஒளியின் வேகத்தையும் தாண்டிவிடும்; அப்படி ஒளியைவிட வேகமாக விலகுவது ஐன்ஸ்டைனின் சார்பியலை மீறுவதாகாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரே இடத்தில் ஒன்றையொன்று கடந்து போகும் இரண்டு பொருள்களுக்குத்தான் ஒளியின் வேகம் எல்லை. விரிவில் எந்தக் கேலக்சியும் பக்கத்துக் கேலக்சியை அப்படிக் கடந்து பாய்வதில்லை. நடுவில் உள்ள தூரங்கள் எல்லாம் நீள்வதன் கூட்டுத்தொகைதான் அந்தப் பெரிய எண். இன்று சுமார் 14 பில்லியன் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஒளியைவிட வேகமாக விலகுகின்றன.

அவற்றை நாம் பார்க்கவே முடியாது என்பது இன்னொரு தவறான முடிவு. தினமும் பார்க்கிறோம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் 2024இல் அறிவிக்கப்பட்ட ஒரு கேலக்சியின் ஒளி, அண்டத்துக்கு 300 மில்லியன் ஆண்டுகூட நிறையாத காலத்தில் கிளம்பியது. அந்தக் கேலக்சி இன்று சுமார் 34 பில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, ஒளியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் விலகுகிறது. அதன் ஒளி கிளம்பிய புதிதில் நம்மை நோக்கி ஓடியும் நம்மிடமிருந்து விலகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஹபிள் விகிதம் குறைந்துகொண்டே வந்தது என்று பார்த்தோம் அல்லவா? விகிதம் குறையக் குறைய, ஒளியால் வென்று முன்னேறக்கூடிய வட்டாரம் அகலமானது. ஒரு கட்டத்தில் அந்த ஒளி வட்டாரத்துக்குள் வந்துவிட்டது, நம்மை நெருங்கத் தொடங்கியது. முடுக்கம் என்றால் ஹபிள் விகிதம் ஏறுகிறது என்று நினைப்பவர்களுக்கு இது புரியாமலே போகும்.

உண்மையான எல்லை ஒன்றும் இருக்கிறது. இன்று சுமார் 16, 17 பில்லியன் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு கேலக்சியிலிருந்து இந்த நிமிடம் கிளம்பும் ஒளி, கரும் ஆற்றல் இப்படியே நீடித்தால், என்றைக்கும் நம்மிடம் வராது. அதற்காக அந்தக் கேலக்சி வானிலிருந்து சட்டென்று அணைந்துவிடாது. அதன் பழைய ஒளி வந்துகொண்டே இருக்கும், மேலும் மேலும் சிவந்து, மங்கி.

இன்றைய ஹபிள் விகிதம் 67ஆ, 73ஆ (மெகாபார்செக்குக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர்) என்ற சர்ச்சையையும் பலர் முடுக்கத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலம் சுமார் 67 என்கிறது. அருகிலுள்ள சூப்பர்நோவாக்கள் 73 என்கின்றன. "முன்பு 67, இப்போது 73, ஆகவே வேகம் கூடிவிட்டது" என்று சிலர் விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே இன்றைய விகிதத்துக்கான மதிப்பீடுகள். நுண்ணலைப் பின்னணி ஒளி கிளம்பிய காலத்தில் விகிதம் இன்றைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல் இருந்தது. இன்றைய மதிப்பை இரண்டு வழிகளில் கணித்தால் ஏன் ஒத்துவரவில்லை என்பதுதான் சர்ச்சை.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நம் உடம்பு விரியாது. உட்லண்ட்ஸ் வீட்டுக்கும் தெம்பனிஸ் வீட்டுக்கும் இடையே உள்ள தூரமும், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமும் இதனால் நீளாது. கரும் ஆற்றல் எவ்வளவு மெலிதானது என்பதை அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். பூமி அடைத்திருக்கும் இடம் முழுவதிலும் உள்ள கரும் ஆற்றலைச் சேர்த்து நிறையாக மாற்றினால் சுமார் 6 மில்லிகிராம் வரும். அவ்வளவுதான். அணுக்களைப் பிணைக்கும் மின்விசைக்கும், பூமியின் ஈர்ப்புக்கும் முன்னால் அது ஒன்றுமே இல்லை. கேலக்சிகள் கூட்டமாகப் பிணைந்திருக்கும் இடத்திலும் அப்படித்தான். ஆண்ட்ரோமீடா 2.5 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருந்துகொண்டு, நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. அதை வெறும் கண்ணால் காட்டலாம் என்றால் நம் ஊர் வானம் விடாது. உலகிலேயே செயற்கை வெளிச்சம் மிகுந்த வானம் கொண்ட நாடு சிங்கப்பூர் என்று 2016இல் வெளியான ஓர் உலக வரைபடம் காட்டியது. பள்ளி விடுமுறையில் மலேசியப் பக்கம் இருட்டான கடற்கரைக்குப் போனால், ஆண்டின் கடைசி மாதங்களில், மழை மேகம் விலகிய முன்னிரவில் தேடிப் பாருங்கள். பிள்ளைகள் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அடுக்குமாடிக் கீழ்த்தளத்து வெறும் வாய்டு டெக்கில் நின்று அண்டத்தைப் படிப்பது கடினம்.

கரும் ஆற்றலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே அழுத்தம் ஏறி எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது என்று கற்பனை செய்கிறார்கள். தள்ளுவதற்கு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அழுத்தம் வேண்டும். கரும் ஆற்றல் எங்கும் ஒரே சீராக இருக்கிறது, தள்ளுவதற்கு வெளிப்பக்கம் என்று ஒன்று இல்லை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டில் அடர்த்தியோடு அழுத்தத்தின் மூன்று மடங்கும் சேர்ந்துதான் ஈர்ப்பை உண்டாக்கும். கரும் ஆற்றலின் அழுத்தம் எதிர்க்குறி உடையது, அளவில் அடர்த்திக்குச் சமம். ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் எதிர்க்குறி இரண்டு. ஆகவே ஈர்ப்பே விலக்கலாக மாறிவிடுகிறது. ஆறு பில்லியன் ஆண்டுகளுக்கு முன் அது எங்கிருந்தோ வந்து சேர்ந்ததும் அல்ல. அதன் அடர்த்தி முன்பும் இதேதான் என்பது எளிய மாதிரி. அண்டம் இரண்டு மடங்கானால் பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகிவிடும், இது குறையாது. பொருள் நீர்த்துப் போனதால் இதன் கை ஓங்கியது. கரும்பொருள் என்பது முற்றிலும் வேறு. அது சாதாரண ஈர்ப்பால் கேலக்சிகளைக் கட்டி வைக்கும் பக்கத்தைச் சேர்ந்தது, மேலே சொன்ன 0.3இல் பெரும்பங்கு அதுவே. அணுக்களையும் கிழித்தெறியும் முடிவு வரும் என்பதும் நிச்சயமில்லை. கரும் ஆற்றலின் அடர்த்தி காலப்போக்கில் ஏறினால்தான் அது நடக்கும்.

கடைசியாக, வாட்ஸ்அப் செய்தி. அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன, அதனால் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெசி என்ற கருவி, 5,000 ஒளியிழைகளை வைத்துக்கொண்டு பல மில்லியன் கேலக்சிகளின் தூரத்தை அளக்கிறது. 2024இலும் 2025இலும் அது வெளியிட்ட முடிவுகளை மற்றத் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், கரும் ஆற்றல் மெல்ல வலுவிழந்து வரலாம் என்ற அறிகுறி தெரிகிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலு 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மா வரை மாறுகிறது (சிக்மா கூடக் கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). கண்டுபிடிப்பு என்று சொல்ல இயற்பியலாளர்கள் 5 கேட்பார்கள். அதற்கு மேல் ஒரு படி போய், தென்கொரியாவின் யோன்சேய் பல்கலைக்கழகக் குழு 2025 நவம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சூப்பர்நோவாவின் ஒளிர்வு அது பிறந்த விண்மீன்களின் வயதைப் பொறுத்து மாறுகிறது, அதைத் திருத்தினால் அண்டம் ஏற்கெனவே மறுபடி தளரத் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். இந்தத் திருத்தம் இவ்வளவு பெரியதா என்பதை மற்ற நிபுணர்கள் கடுமையாக மறுக்கிறார்கள்.

செய்தித் தலைப்புகள் சொல்லாதது ஒன்று. முடுக்கம் ஒருபோதும் இருந்ததில்லை என்று இந்த இரு குழுவும் சொல்லவில்லை. நாம் மேலே கணக்குப் போட்ட கேலக்சியின் வேகம் 24,000இலிருந்து 18,600 பக்கம் இறங்கி வந்த கதை எல்லாருக்கும் பொது. அதற்குப் பிறகு ஏறிய வளைவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா, ஏற்றம் சலிக்கிறதா, உச்சி தாண்டிவிட்டதா என்பதில்தான் சண்டை. 2023இல் கிளம்பிய யூக்ளிட் விண்கலமும், சிலியில் 2025இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகமும் அந்த வளைவின் கடைசிப் பகுதியைத்தான் அளக்கப்போகின்றன. நீங்கள் பல்கலைக்கழகம் முடிக்கும் நேரத்தில் அந்தத் தரவு நிறையவே கையில் இருக்கும்.